சூடு தாங்கும் பொருட்களில் கல்நார்: வேலை பார்த்தவர்களும் வீட்டாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாய்லர், டர்பைன், உலை, நீராவிக் குழாய் என்று சூட்டுக்குப் பக்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் எழுதியது இது. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) நோய் பலருக்கு 30, 40 வருடம் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் கம்பெனி கைமாறியிருக்கும், பழைய ரிஜிஸ்டரைக் கழித்துக் கட்டியிருப்பார்கள், கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். இழப்பீட்டு வழக்குகள் அடிபடுவது இந்த இடைவெளியில்தான். அதனால் நோயைப் பற்றிச் சொல்லும் அளவுக்குச் சான்று சேர்ப்பதைப் பற்றியும் இங்கே சொல்லியிருக்கிறோம்.

கல்நார் என்றால் கூரை ஷீட்தானே? எங்கள் பிளான்ட்டில் அது எங்கே இருந்திருக்கும்?

கூரை ஷீட்டில் கல்நார் பத்தில் ஒரு பங்குதான், அதுவும் சிமென்டோடு இறுகிக் கிடக்கும். சூடு தாங்கும் பொருட்களில் அளவும் அதிகம், பிடிமானமும் குறைவு. கையால் நசுக்கினாலே பொடியாகும் பொருள் பல.

குழாய்மேல் அரைவட்டத் துண்டுகளாகப் பொருத்திய வெள்ளை இன்சுலேஷனில் பழையது ‘85% மக்னீசியா’. 85 பங்கு மக்னீசியம் கார்பனேட். மீதி 15 பங்கில் பெரும்பகுதி, அதை உதிராமல் பிடித்து வைத்த கல்நார். பின்னால் வந்த கால்சியம் சிலிகேட் பிளாக்குகளிலும் 1970-களின் தொடக்கம் வரை கல்நார் சேர்த்தார்கள். பிறகு பல நாடுகளில் கல்நார் இல்லாமலே செய்தார்கள். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

வால்வு, வளைவு, ஃபிளேஞ்ச் (குழாய்களை இணைக்கும் வளையம்) இடுக்குகளில் பூசிய ‘மட்’ எனப்படும் இன்சுலேட்டிங் சிமென்ட். அதன்மேல் சுற்றிய லேகிங் துணி, டேப். பாய்லர் கதவு, மேன்ஹோல் ஓரங்களில் வைத்த பின்னல் கயிறு. பம்ப், வால்வு தண்டில் அடைத்த கிராஃபைட் பூசிய கிளாண்ட் பேக்கிங். மின்சாரப் பேனலுக்கும் உலைக்கும் பின்னால் வைத்த மில்போர்டு என்ற கல்நார் அட்டை. வெல்டிங் போர்வை, கையுறை, ஏப்ரன் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். துணியும் கயிறும் ஏறக்குறைய முழுக்கக் கல்நார்தான். ஃபிளேஞ்சுகளுக்கு நடுவே கசிவைத் தடுக்க வைக்கும், ரப்பரோடு அழுத்திச் செய்த கேஸ்கெட் ஷீட்டில் 70 முதல் 80% வரை வெள்ளைக் கல்நார் இருந்தது. இரும்புத் தூண்களில் தீ பிடிக்காமலிருக்க அடித்த ஸ்ப்ரே பூச்சில் 85% வரைகூட இருந்ததுண்டு.

உலையில் செங்கல் கட்டும் வேலைதான் பார்த்தேன். செங்கல்லிலேயே கல்நார் உண்டா?

வழக்கமான தீச்செங்கல்லில் இல்லை. அது அலுமினாவும் சிலிக்காவும் கலந்து சுட்டது. வெள்ளைக் கல்நார் சுமார் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது தன் படிக அமைப்பில் உள்ள நீரை இழந்து நொறுங்கத் தொடங்கும். நெருப்பு நேராகப் படும் முகத்தில் அது நிற்காது.

செங்கல்லுக்குப் பின்னால், உலையின் இரும்பு வெளிச்சுவரை ஒட்டி வைத்த மில்போர்டில் அது இருக்கும். செங்கல் வரிசைகளுக்கு நடுவே விரிவுக்கு விட்ட இடைவெளியில் திணித்த கயிற்றில், கதவுச் சீலில், சில வகைப் பூச்சுக் கலவைகளிலும் இருக்கும். பழைய லைனிங்கை ஜாக்ஹேமரால் இடித்தவர் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் சுவாசித்திருப்பார்.

இந்த வேறுபாட்டை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், வாக்குமூலத்தில் “செங்கல்லில் கல்நார் இருந்தது” என்று எழுதிவிட்டால் எதிர்த்தரப்பு ஒரே ஒரு தயாரிப்புக் குறிப்பைக் காட்டி அதை உடைத்துவிடும். “செங்கல்லுக்குப் பின்னாலிருந்த சாம்பல் நிற அட்டையைக் கிழித்து எடுத்தோம்” என்று எழுதினால் அது நிற்கும். செங்கல்லை வெட்டும்போது வரும் சிலிக்கா தூசு தனி ஆபத்து, சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயைத் தரும். அதையும் டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

எந்த வேலையில் அதிகத் தூசு பறந்தது?

பழைய லேகிங்கை (குழாய்மேல் போட்ட இன்சுலேஷனை) பிய்ப்பது முதலிடம். வருடக்கணக்காகச் சூட்டில் காய்ந்த இன்சுலேஷனைக் கம்பியால் நெம்பினால் பொலபொலவென்று கொட்டும். ஷட்டவுன் நேரத்தில் வேகமாக முடிக்க வேண்டுமென்று நனைக்காமலே பிய்ப்பார்கள். கீழே விழுந்ததை வெல்டரும் ஃபிட்டரும் மிதித்து நடப்பார்கள். கடைசியில் ஹெல்பர் காய்ந்த துடைப்பத்தால் பெருக்குவார் அல்லது கம்ப்ரஸர் காற்றால் ஊதிவிடுவார். அந்த ஊதல் ஒன்றே காலையிலிருந்து தரையில் படிந்ததையெல்லாம் மறுபடி மூக்கு உயரத்துக்குக் கொண்டுவரும்.

அடுத்தது மட் கலக்குவது. தூள் மூட்டையைக் கிழித்து டிரம்மில் தலைகீழாகக் கொட்டும் அந்த அரை நிமிடம்தான் மோசமானது. தண்ணீர் சேர்த்தபின் தூசு அடங்கிவிடும். காலி மூட்டையை உதறி மடிக்கும்போது மறுபடி கிளம்பும். “ஈரமாகத்தான் பூசினோம், தூசே இல்லை” என்று சொல்பவர்கள் இந்த இரண்டு கணங்களையும் மறந்துவிடுகிறார்கள்.

கேஸ்கெட் வேலையைச் சிறிய விஷயமாக நினைக்க வேண்டாம். ஃபிளேஞ்சைத் திறந்தால் பழைய கேஸ்கெட் முழுசாக வராது. பாதி ஒரு முகத்திலும் பாதி மறு முகத்திலும் கருகி ஒட்டியிருக்கும். முதலில் ஸ்கிரேப்பரால் சுரண்டுவார்கள். வராத இடத்தில் கம்பி பிரஷ், அதுவும் வராவிட்டால் கிரைண்டரில் கம்பிச் சக்கரம். முகம் பளபளவென்று வந்தால்தான் புதிய கேஸ்கெட் கசியாமல் உட்காரும் என்பதால் ஃபிட்டர் குனிந்து, முகத்தை ஒரு முழ தூரத்தில் வைத்துக்கொண்டுதான் அதைச் செய்வார். ஸ்கிரேப்பரைவிடக் கம்பிச் சக்கரம் பல மடங்கு நாரைக் காற்றில் விடும். புதிய கேஸ்கெட்டை ஷீட்டிலிருந்து சுத்தியலால் தட்டி வெட்டியதும் கணக்கில் சேரும்.

நான் இன்சுலேஷன் ஆள் இல்லை. எலக்ட்ரீஷியன். எனக்கும் பொருந்துமா?

பொருந்தும். நார் மெல்லியது, மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். பக்கத்தில் நின்றவர், மேல்தளத்தில் கேபிள் இழுத்தவர், சூப்பர்வைசர், ஸ்டோர் கீப்பர் எல்லோரும் சுவாசித்தார்கள். வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் உதறித் துவைத்த மனைவிக்கும், அப்பா வந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட பிள்ளைக்கும் மீசோதீலியோமா என்ற உறைப் புற்றுநோய் வந்த வழக்குகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன.

வெள்ளைக் கல்நார் ஆபத்தில்லை என்கிறார்களே?

வெள்ளை, பழுப்பு, நீலம் உட்பட ஆறு வகையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மீசோதீலியோமாவைப் பொறுத்தவரை நீலமும் பழுப்பும் வெள்ளையைவிடக் கூடுதல் வீரியமுள்ளவை, அது உண்மை. அதனால் வெள்ளை பாதுகாப்பானது என்று ஆகிவிடாது.

என்னென்ன நோய் வரும், எத்தனை வருடத்தில்?

ஆஸ்பெஸ்டோசிஸ் நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய். நிறையத் தூசு, நிறைய வருடம் சுவாசித்தவருக்கு வரும். பொதுவாக 10, 20 வருடத்துக்குப் பிறகு. படியேறும்போது மூச்சு வாங்கும், வறட்டு இருமல் இருக்கும், டாக்டர் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் அடிப்பகுதியில் நெரநெரவென்று சத்தம் கேட்கும்.

மீசோதீலியோமா நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் புற்றுநோய். வயிற்று உறையிலும் வரலாம். 20 முதல் 50 வருடம் வரை காத்திருக்கும். குறைந்த காலம் சுவாசித்தவருக்கும் வருகிறது. கல்நாரைத் தவிர இதற்கு வேறு காரணங்கள் மிகக் குறைவு என்பதால் சட்டத்தில் இதன் எடை அதிகம். நுரையீரல் புற்றுநோய், குரல்வளைப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் (கருப்பைப் புற்றுநோய் அல்ல) ஆகியவற்றுக்கும் கல்நார் காரணம் என்பது உறுதியாகியிருக்கிறது. உறையில் படியும் தடிப்புகள் புற்றுநோய் அல்ல. கல்நாரைச் சுவாசித்ததற்கான தடயம்.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும், எந்தப் பரிசோதனை?

முதல் சந்திப்பிலேயே “எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, என்ன வேலை, என்ன தூசு” என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அதை உங்கள் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். வழக்கு தொடுக்கும் எண்ணம் வருவதற்கு முன்பே மருத்துவப் பதிவில் ஏறிய வேலை விவரத்துக்குப் பின்னாளில் மதிப்பு அதிகம்.

சாதாரண எக்ஸ்ரேயில் ஆரம்ப நிலைத் தழும்பு தெரியாமல் போகலாம். மெல்லிய துண்டுகளாக எடுக்கும் எச்.ஆர்.சி.டி. ஸ்கேன் வேண்டும். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியோடு, நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடக்கும் திறனை அளக்கும் டி.எல்.சி.ஓ. சோதனையும் சேரட்டும்.

இங்கே ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. காசநோய் அதிகமுள்ள நாடுகளில், வயதானவருக்கு ஒரு பக்கம் நெஞ்சில் நீர் கோர்த்தால் காசநோய் என்று வைத்து மருந்து தொடங்கிவிடுகிறார்கள். மாதங்கள் போனபின்தான் புற்றுநோய் என்று தெரிகிறது. நீரை மட்டும் எடுத்துச் சோதித்தால் மீசோதீலியோமா பல சமயம் பிடிபடாது. கேமரா குழாய் விட்டு உறையிலிருந்து சதை எடுக்கும் தொராகோஸ்கோபி தேவைப்படும். எடுத்த சதையில் கால்ரெட்டினின், டபிள்யூ.டி.1, டி.டி.எஃப்.1 போன்ற சாயச் சோதனைகள் செய்துதான் அது மீசோதீலியோமாவா, நுரையீரலின் வேறு புற்றா என்று பிரிப்பார்கள். இந்த ரிப்போர்ட் இல்லாத கோரிக்கையை எதிர்த்தரப்பு எளிதில் மறுக்கும்.

புகை பிடிப்பவன் என்பதால் இழப்பீடு கிடைக்காதா?

மீசோதீலியோமாவுக்கும் புகைக்கும் தொடர்பில்லை. நுரையீரல் புற்றுநோயில் இரண்டும் ஒன்றையொன்று பெருக்கும். அமெரிக்க இன்சுலேஷன் தொழிலாளர்களைப் பற்றி 1979-இல் வெளிவந்த ஆய்வில், இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிட்டால் கல்நார் மட்டும் பட்டவருக்கு ஆபத்து சுமார் 5 மடங்கு, புகை மட்டும் பிடித்தவருக்கு 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தவருக்கு 50 மடங்குக்கு மேல். புகையைக் காட்டித் தொகையைக் குறைக்க வாதாடுவார்கள். முழுக்க மறுக்க அது போதாது. இன்றைக்கே விட்டால் இன்றிலிருந்து ஆபத்து குறையத் தொடங்கும்.

நுரையீரல் புற்றுநோய் கல்நாரால் வந்தது என்று எப்படிக் காட்டுவது?

1997-இல் ஹெல்சின்கியில் நிபுணர்கள் வகுத்த அளவுகோலைப் பல நாடுகள் பின்பற்றுகின்றன. ஒரு மில்லிலிட்டர் காற்றில் இருந்த நாரின் எண்ணிக்கையை வருடங்களால் பெருக்க வேண்டும். அந்தப் பெருக்கல் 25-ஐத் தொட்டால் ஆபத்து இரட்டிப்பாகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். 5 நார் வீதம் 5 வருடம் என்றால் 25. அளந்த கணக்கு இல்லாதவர்களுக்கும் வழி உண்டு: இன்சுலேஷன், ஸ்ப்ரே, பழைய கட்டட இடிப்பு போன்ற கடுந்தூசு வேலையில் 1 வருடம், அல்லது கப்பல் கட்டுதல் போன்ற நடுத்தர வேலையில் 5 முதல் 10 வருடம் போதும். ஆஸ்பெஸ்டோசிஸும் கூடவே இருந்தால் வாதம் இன்னும் வலுவாகும்.

அந்தப் பொருள் கல்நார்தான் என்று எப்படி நிரூபிப்பது?

பார்வையை நம்பாதீர்கள். கண்ணாடி நார், ராக் வூல், செராமிக் ஃபைபர், கல்நார் எல்லாம் தூசு படிந்தால் ஒரே சாம்பல் நிறம்தான். ஆய்வகத்தில் போலரைஸ்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மாதிரி எடுப்பதைப் பயிற்சி பெற்றவரிடம் விடுவதே நல்லது. சில நாடுகளில் சட்டமும் அதையே சொல்கிறது. முறை இதுதான்: பி100 அல்லது எஃப்.எஃப்.பி.3 தரத்தில், முகத்தில் இறுக்கமாக உட்காரும் முகமூடி (அறுவை சிகிச்சை முகமூடி இதற்கு ஆகாது). பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு கலந்த தண்ணீரைத் தெளித்து, இன்சுலேஷன் ஊறிய பின் மேல்துணியிலிருந்து குழாய் வரை முழு ஆழத்துக்கு வெட்ட வேண்டும். கட்டைவிரல் நகம் அளவு போதும். மேல் அடுக்கை மட்டும் எடுத்தால் அது பின்னாளில் போட்ட கண்ணாடி நாராக இருக்கும், அடியில் பழைய மக்னீசியா மறைந்திருக்கும்; “கல்நார் இல்லை” என்ற தவறான ரிப்போர்ட் வருவது இப்படித்தான். எடுத்ததை ஜிப் கவரில் போட்டு, வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, இரண்டாவது கவரில் போட்டு, இடமும் தேதியும் எழுதி, வெட்டிய ஓட்டையை டேப்பால் மூட வேண்டும். ஒரே குழாயில் ரிப்பேர் பார்த்த இடத்துக்கு இடம் பொருள் மாறும், ஆகவே மூன்று நான்கு இடத்தில் எடுக்க வேண்டும்.

பிளான்ட்டே இப்போது இல்லையென்றால் காகிதம் பேசும். டிராயிங்கில் உள்ள இன்சுலேஷன் குறிப்பு, பர்சேஸ் ஆர்டர், ஸ்டோர் வழங்கல் ரிஜிஸ்டர், ஷட்டவுன் அறிக்கை, மூட்டையோ கேஸ்கெட் ஷீட்டோ பின்னணியில் தெரியும் பழைய குரூப் போட்டோ, எல்லாம் சான்றுதான்.

வேலை வரலாற்றை எப்படி எழுத வேண்டும்?

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வேலை வாரியாக, கடைசி வேலையிலிருந்து பின்னோக்கி எழுதினால் நினைவு தானாக வரும். ஒவ்வொன்றுக்கும் வருடம், முதலாளி யார், கான்ட்ராக்டர் யார், எந்த யூனிட், கையில் எடுத்த பொருள், மூட்டையில் இருந்த பெயரும் நிறமும், வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை மணி, பக்கத்தில் வேறு யார் என்ன செய்தார்கள், முகமூடி கொடுத்தார்களா, எச்சரித்தார்களா என்று எழுதுங்கள்.

“கல்நார் தூசில் வேலை செய்தேன்” என்று எழுதுவதால் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: “1979 முதல் 1984 வரை 2-ஆம் பாய்லரில் ஃபிட்டர். வருடத்துக்கு ஒரு ஷட்டவுன், மூன்று வாரம். தினம் ஆறேழு ஃபிளேஞ்ச் திறந்தேன். கேஸ்கெட்டைக் கிரைண்டர் கம்பிச் சக்கரத்தால் எடுத்தேன். மேலே இருவர் லேகிங் பிய்த்தார்கள், அது என் தலையில் விழுந்தது. கைக்குட்டை கட்டிக்கொண்டேன், கம்பெனி எதுவும் கொடுக்கவில்லை.” இப்படி எழுதியதை வைத்துத் தூசு நிபுணர் அளவு கணக்கிட முடியும், வக்கீல் தயாரிப்பாளரைத் தேட முடியும்.

பிறகு, கூட வேலை பார்த்த இருவரிடமாவது கையெழுத்திட்ட வாக்குமூலம் வாங்கி வையுங்கள். நோயாளியின் சாட்சியத்தையும் தாமதிக்காமல் பதிவு செய்ய வேண்டும். அமெரிக்காவில் கிளாரன்ஸ் போரல் என்ற இன்சுலேஷன் தொழிலாளி 1936 முதல் 33 வருடம் இந்த வேலை பார்த்தவர். விசாரணைக்கு முன்பே 1970-இல் இறந்துவிட்டார். இறப்பதற்கு முன் பதிவு செய்திருந்த அவருடைய சாட்சியம்தான் கோர்ட்டில் அவருக்காகப் பேசியது. ஆபத்தைத் தொழிலாளிக்கு எச்சரிக்கும் கடமை தயாரிப்பாளருக்கு உண்டு என்று 1973-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பின்னர் வந்த ஆயிரக்கணக்கான வழக்குகளுக்கு அதுவே அடித்தளம்.

யாரிடம் இழப்பீடு கேட்பது?

நான்கு வாசல்கள் உண்டு. ஒன்று, முதலாளி அல்லது அவருடைய இன்சூரன்ஸ். இரண்டு, பொருளைத் தயாரித்தவர், விற்றவர். மூன்று, திவாலான தயாரிப்பாளர்கள் வைத்துவிட்டுப் போன நிதி. நான்கு, அரசுத் திட்டம். நீங்கள் தூசு சுவாசித்த நாட்டின் சட்டம்தான் எந்த வாசல் திறக்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்யும்.

அமெரிக்காவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருப்பதால் முதலாளி மீது பொதுவாக வழக்குப் போட முடியாது, தயாரிப்பாளர் மீது போடலாம். மிகப் பெரிய தயாரிப்பாளரான ஜான்ஸ் மான்வில் 1982-இல் திவால் பாதுகாப்பு கேட்டபின், பாதிக்கப்பட்டவர்களுக்கென்று தனி அறக்கட்டளை உருவானது. 1994-இல் திவால் சட்டத்திலேயே அதற்கு ஒரு பிரிவு சேர்த்தார்கள். தீச்செங்கல், உலைப் பூச்சு செய்த கம்பெனிகள் சிலவும் இந்த வழியில் போயின. அறக்கட்டளைக்குக் கோர்ட் விசாரணை தேவையில்லை: நோய்ச் சான்று, வேலை செய்த இடம், அந்தக் கம்பெனியின் பொருளைக் கையாண்டதற்கான ஆதாரம் கொடுத்தால் போதும். ஆனால் நிர்ணயித்த தொகையில் ஒரு பகுதியைத்தான் தருவார்கள், பணம் கடைசி நோயாளி வரை வர வேண்டுமே. ஒருவரே பல அறக்கட்டளைகளில் விண்ணப்பிக்கலாம்.

பிரிட்டனில் முதலாளி மீது நேராக வழக்குப் போடலாம். முதலாளியும் இல்லை, இன்சூரன்ஸும் கிடைக்கவில்லை என்றால், 2012 ஜூலை 25 அல்லது அதற்குப் பிறகு மீசோதீலியோமா கண்டறியப்பட்டவர்களுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனித் திட்டம் பணம் தருகிறது.

இந்தியாவில்?

ஆஸ்பெஸ்டோசிஸும், கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோய், மீசோதீலியோமாவும் தொழில்சார் நோய்களாக இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருக்கின்றன. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருந்தவர் அங்கேதான் கோர வேண்டும். மற்றவர்களுக்கு 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. அதுவும் இ.எஸ்.ஐ. சட்டமும் இப்போது 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. பழைய கோரிக்கைகளுக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பது நோய் வந்த தேதியைப் பொறுத்தது, அதை வக்கீலிடம் முதலில் கேளுங்கள்.

1923 சட்டத்தின் கணக்கைப் புரிந்துகொண்டால் தொகை பற்றி ஒரு உருவம் கிடைக்கும். நிரந்தர முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60%, அதை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். சம்பளம் அதைவிட எவ்வளவு கூட இருந்தாலும் 2020 ஜனவரி முதல் 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் வந்தது. 55 வயதுக்குக் காரணி 135.56. 15,000-இல் 60% ஆன 9,000-ஐ அதனால் பெருக்கினால் 12,20,040 ரூபாய். ஒரு குடும்பத்தின் இழப்புக்கு இது போதாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆனாலும் உரிமையுள்ளதை விடக்கூடாது.

1995 ஜனவரி 27-இல் உச்ச நீதிமன்றம் கல்நார் தொழிலாளர் பற்றிக் கொடுத்த தீர்ப்பு உங்களுக்குப் பெரிய ஆயுதம். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருடம், அல்லது ஓய்வுக்குப் பின் 15 வருடம், இதில் எது பிந்தையதோ அதுவரை ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வைத்திருக்க வேண்டும் என்று அது உத்தரவிட்டது. பழைய எக்ஸ்ரேயும் ஊதல் சோதனை முடிவும் கேட்டு எழுதும் கடிதத்தில் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். “பதிவு இல்லை” என்று பதில் வந்தால் அந்தப் பதிலே உங்களுக்குச் சான்று.

கான்ட்ராக்ட் ஆளாக இருந்து ரோலில் பெயர் இல்லாதவர்கள் பி.எஃப். கணக்கு, கேட் பாஸ், சம்பளச் சீட்டு, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, வங்கிப் புத்தகம் இதில் எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள்.

கப்பலிலும் வெளிநாட்டிலும் வேலை பார்த்தேன். எங்கே வழக்குப் போடுவது?

ஒவ்வொரு நாட்டில் இருந்த காலத்தையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவருக்கு, கப்பல் பணியாளருக்குத் தரும் சி.டி.சி. புத்தகமே வேலைப் பதிவு: கப்பல் பெயர், ஏறிய தேதி, இறங்கிய தேதி எல்லாம் அதில் இருக்கும். கப்பலின் கொடி எந்த நாடு, மேலாண்மை யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

தாய்க் கம்பெனி வேறு நாட்டில் இருந்தால் அங்கேயே வழக்குப் போட வழி திறக்கலாம். தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் கல்நாரால் பாதிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர், தாய்க் கம்பெனியான கேப் மீது லண்டனில் வழக்கு நடத்தலாம் என்று, பிரிட்டனின் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை 2000-இல் அனுமதித்தது. தங்கள் நாட்டில் சட்ட உதவியும் நிபுணர் செலவும் கிடைக்காது என்பதே அங்கே எடுபட்ட வாதம்.

நாலு கம்பெனியில் வேலை பார்த்தேன். யாருடைய நார் நோய் தந்தது என்று எப்படிச் சொல்வது?

சொல்ல முடியாது, எந்த டாக்டராலும் முடியாது. 2002-இல் ஃபேர்சைல்டு வழக்கில் பிரபுக்கள் சபை இதே சிக்கலைப் பார்த்தது. எந்த முதலாளியின் நார் என்று காட்ட முடியாததால் தொழிலாளி வெறுங்கையோடு போவது அநீதி, ஆபத்தைக் கணிசமாகக் கூட்டியவர் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரிட்டனில் மீசோதீலியோமாவுக்கு அவர்களில் ஒருவரிடமே முழுத் தொகையும் வாங்கலாம். மற்றவர்களிடம் பங்கு வசூலிப்பது அவர் பாடு. இது எல்லா நாட்டிலும் இல்லை. ஆகவே எந்தச் சிறிய வேலையையும் வரலாற்றிலிருந்து விட்டுவிடாதீர்கள்.

காலக்கெடு முடிந்திருக்குமே?

தூசு சுவாசித்த நாளிலிருந்து எண்ணினால் எல்லோருக்கும் முடிந்திருக்கும். பல நாடுகளில் நோய் இன்னது, அதற்குக் காரணம் வேலை என்று தெரிந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். பிரிட்டனில் 3 வருடம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, 1 வருடம் உள்ள இடமும் உண்டு. இந்தியாவில் 1923 சட்டப்படி 2 வருடம், தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை இழப்பீட்டு ஆணையர் மன்னிக்கலாம். ரிப்போர்ட் கைக்கு வந்த தேதியை அன்றே குறித்து வையுங்கள். கெடு அங்கேதான் ஓடத் தொடங்குகிறது.

உறைத் தடிப்பு மட்டும்தான் இருக்கிறது. ஏதாவது கிடைக்குமா?

இங்கிலாந்தில் இல்லை, அறிகுறி தராத தடிப்பு உடல் சேதம் ஆகாது என்று 2007-இல் பிரபுக்கள் சபை முடிவு செய்தது. ஸ்காட்லாந்து 2009-இல் தனிச் சட்டம் போட்டு அதற்கும் இழப்பீடு உண்டு என்றது. எங்கே இருந்தாலும் அந்த ஸ்கேனைப் பத்திரமாக வையுங்கள்.

சமரசத் தொகை தருகிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

“முழுமையான, இறுதியான தீர்வு” என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இன்று ஆஸ்பெஸ்டோசிஸுக்கு அப்படிக் கையெழுத்திட்டால், பத்து வருடம் கழித்து மீசோதீலியோமா வரும்போது கதவு சாத்தியிருக்கும். பிரிட்டனில் இதற்காகவே தற்காலிக இழப்பீடு என்ற முறை உண்டு: இப்போது ஒரு தொகை, மோசமான நோய் வந்தால் திரும்பவும் வரலாம். அமெரிக்காவில் பல மாநிலங்கள் இரண்டையும் தனித்தனி நோயாகவே பார்க்கின்றன. வேறு இடங்களில் வக்கீலிடம் சொல்லி, இன்ன நோய்க்கு மட்டும் என்று எழுத வையுங்கள்.

இன்னும் அதே பிளான்ட்டில்தான் வேலை. இன்று என்ன செய்ய வேண்டும்?

சேதமில்லாமல் மூடிக் கிடக்கும் இன்சுலேஷனைத் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டுமென்றால் நனைத்து, மூடிய இடத்தில், நுண்ணிய தூசையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வேக்குவமோடு. துடைப்பமும் காற்றுக் குழாயும் கூடாது. உடுப்பு அங்கேயே கழற்றப்பட வேண்டும்.

அமெரிக்காவில் 1994 முதல் 8 மணி நேர சராசரி வரம்பு மில்லிலிட்டருக்கு 0.1 நார். ஒரு ஷிஃப்டில் நாம் சுவாசிக்கும் காற்று சுமார் 10 கன மீட்டர், அதாவது ஒரு கோடி மில்லிலிட்டர். வரம்புக்குள் இருந்தாலே 10 லட்சம் நார் உள்ளே போகும். “லிமிட்டுக்குள்தான் இருக்கிறது” என்று சொல்லும்போது இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

அப்பா இறந்துவிட்டார். இனி கோர முடியுமா?

பெரும்பாலான சட்டங்களில் மனைவி, பிள்ளைகள், அவரைச் சார்ந்திருந்தவர்கள் கோரலாம். காலக்கெடு தனியாக எண்ணப்படும்.

முதல் வேலை இறப்புச் சான்று. அதில் காரணம் ‘மாரடைப்பு’ என்றோ ‘மூச்சுத் திணறல்’ என்றோ மட்டும் எழுதியிருந்தால் வழக்கு அங்கேயே நொண்டும். அடிப்படை நோயின் பெயர் வர வேண்டும் என்று சிகிச்சை தந்த டாக்டரிடம் எழுத்தில் கேளுங்கள். உயிரோடிருக்கும்போது உறுதிப்படுத்தப்படவில்லை என்றால் பிரேதப் பரிசோதனைதான் கடைசி வாய்ப்பு. அந்த நேரத்தில் குடும்பத்துக்கு அது எவ்வளவு பாரம் என்று தெரிந்துதான் சொல்கிறோம். நுரையீரல் திசுவை எடுத்துப் பாதுகாக்கும்படி அதற்கு முன்பே குறிப்பிட்டுக் கேளுங்கள்.

இரண்டாவது, பயாப்ஸி எடுத்திருந்தால் அந்தச் சதை மெழுகுக் கட்டியாக ஆஸ்பத்திரியின் நோய்க்கூறு ஆய்வகத்தில் இருக்கும். சில வருடத்துக்குப் பின் இடம் வேண்டுமென்று அழித்துவிடுவார்கள். ரிப்போர்ட்டில் உள்ள மாதிரி எண்ணைக் குறிப்பிட்டு, “சட்டத் தேவைக்காக இந்தக் கட்டியையும் ஸ்லைடுகளையும் அழிக்க வேண்டாம்” என்று ஆய்வகத் தலைவருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.